பிரிண்டர் முன்னால் இருந்த நாற்காலி

லேசர் பிரிண்டரில் கவர் அடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கவர்க் கட்டை விசிறிப் பிரித்துவிட வேண்டும். ஒட்டும் மடிப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து, பத்துப் பத்தாக வைக்க வேண்டும். ஆசைப்பட்டு நாற்பது வைத்தால் இரண்டு மூன்று சேர்ந்து உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். தண்ணீர் வேண்டாம், பரவாயில்லை.

கடை என் தங்கையின் பெயரில் இருக்கிறது. அப்பா அப்படி எழுதி வைத்துவிட்டுப் போனார். எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. கடை யார் பெயரில் இருந்தால் என்ன, மெஷின் முன்னால் இருக்கும் நாற்காலி என்னுடையது. பள்ளிக்கூடம், கிளினிக், வக்கீல் ஆபீஸ், எங்கிருந்து வந்தாலும் "அண்ணன் இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கல்யாணம், குழந்தை குட்டி என்று எதுவும் இல்லாத எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

தங்கையின் கணவர் நல்ல மனிதர். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று மூன்று மாதம் முன்பு கடைக்கு வந்தார். சிரித்த முகம். வந்த ஒரே வாரத்தில் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை சாப்பாடு பரிமாறிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, நாளையிலேருந்து அவர் மெஷின்ல உட்காரட்டும். நீ கல்லாவுல உட்காரு. கண்ணு வலிக்குதுன்னு நீதானே சொன்னே."

"சரிம்மா" என்றேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை நான் சீக்கிரமே வந்து வக்கீலுக்கு ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். பிறகு மாப்பிள்ளை வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதன் உயரத்தைத் தாழ்த்தினார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்து விழா அழைப்புக்கு நானூறு கவர், நாலு மணிக்குள் தர வேண்டும். ஒன்றுகூட மடங்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

எங்கள் மெஷினின் பின்கதவுக்குள் இரண்டு நீல லிவர் உண்டு. சாதாரணப் பேப்பருக்கு மேலே இருக்க வேண்டும், கவருக்குக் கீழே இறக்க வேண்டும். இறக்காவிட்டால் சூடான உருளை கவரைப் போட்டு நசுக்கிவிடும். மடிப்பும் தானாக ஒட்டிக்கொள்ளும். கண்டவர் கை பட்டால் லிவர் உடைந்துவிடும் என்பதால், "அத நான் பாத்துக்கறேன் மாப்ளே, நீங்க கை வைக்காதீங்க" என்று அவர் கடைக்கு வந்த முதல் நாளே சொல்லியிருந்தேன். அவரும் சொன்ன பேச்சைக் கேட்பவர்.

மதியம் கூப்பிட்டார். "மச்சான், இங்க கொஞ்சம் வாங்களேன். கவர் எல்லாம் கசங்கிக் கசங்கி வருது. மெஷினுக்கு என்னைப் பிடிக்கல போல, உங்களத்தான் தேடுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அறுபது கவர் பாழாகியிருந்தது.

ஒட்டிய அட்டைகளின் மேல் பாரமாக வைக்க ஓர் இரும்புக் கட்டை வைத்திருக்கிறோம். மூன்று கிலோ இருக்கும். அவர் குனிந்து டிரேயைப் பார்த்தபோது பின்மண்டையில் ஒரு முறை அடித்தேன். எழுந்திருக்கப் பார்த்தார். காதுக்கு மேலே இன்னொன்று. எலும்பு உடைகிற சத்தம் அப்போதுதான் கேட்டது. நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது, அவர் முகம் தரையில் மோதி மூக்குக்கண்ணாடி கன்னத்துக்குள் பதிந்தது. ரத்தம் அவ்வளவு வரும் என்று நான் நினைக்கவில்லை. நல்ல கவர்க் கட்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு, நாற்காலியை என் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வேலைக்கு நேரம் சொன்னால் சொன்னதுதான். பத்து கவர் அடித்தேன். பத்தும் கசங்கி வந்தன. பின்கதவைத் திறந்தால் லிவர் இரண்டும் மேலே இருக்கின்றன. காலையில் கடிதம் அடிக்க நான்தான் தூக்கினேன். இறக்க மறந்துவிட்டேன்.

இறக்கினேன். அடுத்த கவர் அழகாக வந்தது.

கீழேயிருந்து சத்தம் வந்தது. ஒரு கண் திறந்திருந்தது. "மச்சான்... லிவர்... நான் தொடவே இல்ல."

"தெரியும் மாப்ளே" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள். "அவர் ஏண்ணா போன எடுக்க மாட்டேங்கறாரு? மெஷின்ல உட்கார்ந்த மொத நாளே ஏதாவது தப்பு பண்ணிட்டாரா?"

"புதுசுதானேம்மா. போகப்போகப் பழகிடும்."

"திட்டிடாதண்ணா. நீ கோச்சுக்குவியோன்னு நேத்தெல்லாம் பயந்துகிட்டே இருந்தாரு."

"நான் ஏம்மா கோச்சுக்கப் போறேன்."

ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. அப்போதே தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிழைத்தால் பேசுவார். இரும்புக் கட்டையை மறுபடி எடுத்தேன். ரத்தத்தில் வழுக்கியது, அதனால் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் அடித்தேன். மூச்சு நின்றது தெரிந்த பிறகும் இன்னும் நான்கு முறை அடித்தேன்.

பாழானதற்குப் பதில் புதுக் கட்டு பிரித்து, நானூறையும் நாலு மணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க கைன்னா கைதான்" என்றார். சந்தோஷமாக இருந்தது.

முதல் இரண்டு அடியைக் கோபம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அடித்தது தெரிந்தே அடித்தது, கொல்வதற்காகவே அடித்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்றே ஒன்று, ஐயா. தங்கை வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். எப்படி அடித்தேன், எத்தனை அடித்தேன், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லுங்கள். லிவரை இறக்க மறந்தது நான் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அண்ணனுக்கு வேலை மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள்.