ஃப்ளோராவுக்குக் குடுத்த புழு அடை

முந்திரி பூத்துடுச்சின்னா எங்க விருத்தாசலம் பக்கம் தேன்பொட்டி வச்சிருக்கவங்களுக்கு வேற பேச்சே கெடையாது. இந்த வருஷம் நம்ம குரூப்புல பேச்செல்லாம் ஃப்ளோராவப் பத்தியே இருக்குது. கருவேப்பிலங்குறிச்சி பொம்பள பொட்டியிலேருந்துதான் உண்ணி பரவுச்சு, சுத்தமா வச்சிக்கலன்னு எழுதறீங்க. அது தப்பு. ஃப்ளோரா என் தம்பி சாவியோ பொண்டாட்டி. தம்பி தவறிட்டான். அதனால நான் சொல்றேன்.

அது சுத்தமாத்தான் வச்சிருந்துச்சு. நான் வேலை பாக்கற பீங்கான் கம்பெனியில கழிச்சுப் போட்ட கிண்ணமா கேட்டு வாங்கி, ஸ்டாண்டு காலுக்கெல்லாம் அடியில வச்சு தண்ணி ஊத்தியிருந்துச்சு. ஒரு எறும்பு ஏறாது.

தம்பி போனப்புறம் எங்க வூட்டோட வந்துடுன்னு கூப்பிட்டேன். "பொட்டிங்க சோறு போடுது மாமா. முடியலன்னா வரேன்"னுச்சு. என் சம்சாரம் உபகாரமேரி சிரிச்சா. "உங்களவிட ஈக்கு மரியாத ஜாஸ்தி போலருக்குது"ன்னா.

நம்ம பழக்கம் உங்களுக்கே தெரியும். ஒருத்தர் பொட்டியில ஈ கொறஞ்சு மெலிஞ்சா, இன்னொருத்தர் ஈப்புழு இருக்கிற தேனடைய மரச்சட்டத்தோட எடுத்துக் குடுப்போம். உறமோர் குடுக்கற மாதிரி. யாரும் வேணாங்க மாட்டாங்க. மழை விட்டப்புறம் ஃப்ளோரா பொட்டி ஒண்ணு மெலிஞ்சிருந்துச்சு. என் பொட்டி ஒண்ணுல உண்ணி விழுந்திருந்துச்சு. அதுலேருந்து ஒரு சட்டம் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். கூப்பிட்டு வராத ஆள வேற எப்படி கூட்டியார்றது.

உண்ணி மூடின அறைக்குள்ள உக்காந்து குஞ்சக் கடிக்கும். கடிச்ச எடம் வழியா வைரஸு உள்ள போயி அங்கயே பெருகும். அந்த ஈ வெளிய வரும்போது றெக்கை சுருண்டிருக்கும். பறக்காது, பொட்டி முன்னாடி ஊர்ந்துகிட்டு கெடக்கும். உண்ணி வேற ஈ மேல தொத்திகிட்டு அடுத்த பொட்டிக்குப் போயிடும். மெலிஞ்ச பொட்டியில தேன் திருட வர்ற ஈ மேலயும் ஏறிக்கும். உங்க பொட்டிங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கும். அதுக்கு வருத்தப்படறேன்.

ஃப்ளோரா போன் பண்ணிச்சு. "றெக்கை இல்லாத மாதிரி பொறக்குது மாமா. மருந்து எதுனா இருக்குதா?"

"பனிதான். வெயில் வந்தா சரியாப்போவும். மருந்து போட்டா தேன் கெட்டுடும்"னேன்.

அந்த ஒரு பொட்டிய விட்டுட்டு என் மத்த பொட்டிக்கெல்லாம் மருந்து போட்டிருந்தேன். அது அடை கேட்டப்பல்லாம் அந்தப் பொட்டியிலேருந்துதான் எடுத்துக் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "ரொம்ப தேங்க்ஸ் மாமா"ன்னுச்சு.

கடைசிப் பொட்டியும் செத்ததும் வூட்ட காலி பண்ணிட்டு வந்துடுச்சு. பஸ்ஸுலேருந்து பைய நான்தான் எறக்கினேன். சாப்பிடக் கூப்பிட்டா வருது. பேச்சு கம்மி.

ஆறுதல் சொல்றேன்னு யாரும் அதுக்கு போன் பண்ண வேணாம். அதோட போன் என்கிட்டதான் இருக்குது. வெளி ஆளுங்க பேசினா மனசு கெட்டுப்போவும். இங்க அதுக்கு ஒரு கொறையும் இல்ல.