மூன்றாம் மாடியில் உட்கார்ந்தவர்

— கீழ் வீட்டு அக்கா இன்னிக்கும் வந்து கேட்டுட்டுப் போறாங்க. காலங்காத்தால உங்க வீட்ல என்ன, சுவரை இடிக்கிறீங்களான்னு.

— பேசாதே. மூச்சு வாங்குது. இன்னும் ரெண்டு சுத்து பாக்கி.

— மெடல் குடுக்கப் போறோம்னு சொன்ன நாள்லேர்ந்து ஒரு மாசமா இதே கூத்து. மேடைக்கு நாலு படி இருக்குமா? அதை ஏற இவ்வளவு பலம் எதுக்குங்க?

— அதுக்காக இல்ல.

— பின்ன எதுக்காம்? பாப்பாவோட பழைய ஸ்கூல் பையில செங்கல்லை அடைச்சு முதுகுல மாட்டிக்கிட்டு, உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து... தோப்புக்கரணம் போடற மாதிரி இருக்கு. அப்படி என்ன தப்பு பண்ணிட்டீங்க?

— யாரோ கதவைத் தட்டறாங்க, போய்ப் பாரு.

— அட, வாங்க ஐயா, உள்ள வாங்க. என்னங்க, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க. நீங்க தீயிலேர்ந்து காப்பாத்துன தபால்கார ஐயா. பேப்பர் போட்டோவுல பார்த்ததைவிட தெம்பா இருக்கீங்க ஐயா. தப்பா நினைக்காதீங்க, நான் மருந்துக்கடையைத் திறக்கணும், ஏற்கெனவே லேட்டு. நீங்களாவது இவரைக் கேளுங்க. மூணு நாளா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறாரு.

— நீ போயிட்டு வாம்மா. நான் பேசிக்கிறேன்.

— ஐயா... அது வந்து... ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே. ரெண்டு மாடி ஏறி வந்திருக்கீங்க.

— அதுல என்ன தம்பி. முப்பத்தஞ்சு வருஷம் தபால் பையோட படியேறின காலு. உங்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டுது. ஏதோ குதிக்கிற சத்தம் கேட்டுச்சே?

— உடற்பயிற்சி ஐயா. இருபது செகண்டு உயிரைக் குடுத்துச் செய்யணும், பத்து செகண்டு நிக்கணும். எட்டு தடவை. மொத்தமே நாலு நிமிஷம். எங்க ஃபயர் ஸ்டேஷனுக்கு வர்ற டாக்டர் சொல்லிக் குடுத்தாரு. மொத நாள் ரெண்டாவது சுத்துலயே தரையில சாஞ்சுட்டேன். பாப்பா பயந்து போய் முகத்துல தண்ணி தெளிச்சா. இப்ப ஆறு சுத்து தாங்குது.

— அப்ப பாக்கி ரெண்டையும் முடிச்சுட்டு வாங்க. நான் உட்கார்ந்திருக்கேன்.

— வேண்டாம் ஐயா. உங்க முன்னாடி என்னால முடியாது.

— அதான் பாருங்க, நேரா விஷயத்துக்கே வரேன். உங்க ஆபீசர் ஃபோன் பண்ணினாரு. வெள்ளிக்கிழமை விழாவுக்கு வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாம். காரணம் கேட்டா வண்டியைக் கழுவப் போயிடறீங்களாம். அவர் காப்பாத்துன ஆளு நீங்க, நீங்க கூப்பிட்டா தட்டமாட்டாருன்னாரு.

— காப்பாத்துன ஆளா? ஐயா, ஊருக்குத் தெரியாட்டி போகுது. உங்களுக்கும் எனக்கும் தெரியாததா?

— எனக்கு வயசாச்சு தம்பி. அந்தப் புகையில என்னத்தைக் கண்டேன்.

— எனக்கு எல்லாம் அப்படியே நினைவிருக்கு. ஆறு வருஷமா தீயணைப்பு வண்டி ஸ்டியரிங் பிடிச்சே உடம்பு ஊதிப் போச்சு. அன்னிக்கு ஆள் பத்தலைன்னு டிரைவர் நீயும் ஏறுன்னாங்க. உங்க வீடு அஞ்சாவது மாடி. முதுகுல காத்து சிலிண்டர், தோள்ல குழாய். மூணாவது மாடியில காலு விட்டுப் போச்சு. முகமூடியைக் கழட்டிட்டுப் படியிலயே உட்கார்ந்துட்டேன். கூட வந்தவன் என்னைத் தாண்டி மேலே ஓடினான். நான் வாயைப் பிளந்துக்கிட்டு அவன் காலைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

— விடுங்க தம்பி. இதையெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு.

— அப்பதான் மேலேருந்து நீங்க இறங்கி வந்தீங்க. "எழுந்திரு தம்பி, இங்க உட்காரக் கூடாது"ன்னு என் கையை எடுத்து உங்க தோள்ல போட்டுக்கிட்டீங்க. எழுபத்திரண்டு வயசுல.

— எழுபத்தொண்ணு.

— கீழே வந்ததும் கூட்டம் கை தட்டுச்சு. எவனோ போட்டோ எடுத்தான். அதுல நான் உங்களைத் தாங்கற மாதிரிதான் இருக்கு. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இருமல் வந்துச்சு. நான் இருமி முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. அப்புறம் இருமல் நின்னுது ஐயா, வாய்தான் திறக்கலை.

— அதனால யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?

— மெடல் சேதி வந்த அன்னிக்கு பாப்பா அந்த போட்டோவை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிருக்கா. டீச்சர் கிளாஸ் முழுக்கக் கை தட்டச் சொன்னாங்களாம். அதை எங்கிட்ட ஓடி வந்து சொல்றா. எனக்குச் சோறு இறங்கலை. மறுநாள் காலையில இந்தப் பையை மாட்டினவன்தான். எட்டு சுத்தும் முடிச்சுட்டா அந்த மூணாவது மாடியைத் தாண்டிடலாம்னு ஒரு நப்பாசை. இனிமே தாண்டி என்ன? நாளைக்கு ஆபீசர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்.

— வேண்டாம்.

— மெடல் உங்களுக்குத்தான் ஐயா சேரணும். உங்க காலால நீங்களே இறங்கி, வழியில கிடந்த ஒருத்தனையும் கூட்டிட்டு வந்தீங்க. இது உங்களுக்குப் பெருமைதானே?

— வேண்டாம்னு சொல்றேன்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க.

— இந்தாங்க ஐயா. மெதுவா குடிங்க.

— என் வீட்டுக்காரியைத் தெரியுமில்ல? இடுப்பு எலும்பு முறிஞ்சு நாலு வருஷமா படுத்த படுக்கை.

— தெரியும் ஐயா. என்னைத் தாண்டி ஓடினானே, அவன்தான் உள்ரூமில மயங்கிக் கிடந்த அவங்களைத் தூக்கிட்டு வந்தான். அவனுக்கும் வெள்ளிக்கிழமை மெடல். அவன் நிமிர்ந்து நின்னு வாங்கலாம்.

— இப்ப மக வீட்ல இருக்கா. அதான் பாருங்க, பார்க்க வர்றவங்ககிட்டயெல்லாம் ஒண்ணு சொல்லுவா. "என்னை விட்டுட்டு வரமாட்டேன்னு இவரு அடம் பிடிச்சாராம். அந்த டிரைவர் தம்பிதான் வலுக்கட்டாயமா தூக்கிட்டுப் போச்சாம்." தினம் உங்களை வாழ்த்திட்டுத்தான் ஒரு வாய் சாப்பிடுவா.

— யாரு அவங்ககிட்ட அப்படிச் சொன்னது?

— நான்தான்.

— நீங்களா?

— நீங்க என்னைத் தூக்கலைன்னா, நான் நடந்து வந்தேன்னு ஆகும். நான் நடந்து வந்தேன்னா, அவளை அங்க போட்டுட்டு வந்தேன்னு ஆகும். வெள்ளிக்கிழமை வீல்சேர்ல முன்வரிசையில வந்து உட்காருவா தம்பி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடணுமாம். நீங்க வரலைன்னா ஏன்னு கேப்பா. அவ கேக்க ஆரம்பிச்சா விடமாட்டா.

— சரி ஐயா. வரேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாங்கப் போறேன்னு தெரியலை, ஆனா வரேன். நீங்க இதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க. உங்களால அவங்களைத் தூக்க முடியுமா? உதவிக்கு ஆள் கூப்பிடத்தானே கீழே இறங்கினீங்க? அவங்க முழிச்சிருந்தா அவங்களே போயிட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க.

— முழிச்சுத்தான் இருந்தா தம்பி. ரெண்டு தடவை கூப்பிட்டா. நான் பதில் குடுக்காம வாசல்ல குனிஞ்சு என் செருப்பைத் தேடிக்கிட்டிருந்தேன்.