சட்டத்துக்கு அடங்கிய நல்லவன்

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் தங்கை மேசையைத் துடைத்துவிடுவாள். மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தி அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்கு எதை எரிக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு வருவார். நான் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு மாடிக்கு ஏறுவேன். வாரம் முழுக்க இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பவனுக்கு அந்த ஒரு மத்தியானம்தான் வாழ்க்கை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சார்.

விளையாட்டை முதலில் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். ஒருவர் கதை சொல்வார். எங்கள் மேசையில் அது மாப்பிள்ளை; அவருடைய கதைக் குறிப்புகள் எங்கள் கண்ணில் படாமலிருக்கத்தான் அந்த அட்டைத் தடுப்பு. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவோம். குகைக்குள் போகிறேன், அரக்கனை வெட்டுகிறேன் என்று நாங்கள் சொல்வோம். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். தங்கை திருடி. கண்ணாடிக் கடைக்காரர் மந்திரவாதி. அவருக்கு மந்திரங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் தீப்பந்து எறிவதைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். பூட்டிய கதவுக்கும் தீப்பந்து, வழி கேட்க வந்த கிழவனுக்கும் தீப்பந்து. கடைசியில் அவரையே தீப்பந்து என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

நான் பூசாரி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆரம்பத்திலேயே ஒரு குணம் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லவனா, தீயவனா, இரண்டுங்கெட்டானா. சட்டத்துக்கு அடங்குபவனா, தன் இஷ்டத்துக்கு ஆடுபவனா. தங்கை இரண்டுங்கெட்டான், அதில் அவளுக்குப் பெருமை வேறு. தீப்பந்துக்கு என்ன குணம் என்று அவருக்கே தெரியாது. என் பூசாரி நல்லவன், சட்டத்துக்கு அடங்கியவன். மற்றவர்களுக்கு இதெல்லாம் சும்மா அலங்காரம். பூசாரிக்கு மட்டும் அதுதான் பிழைப்பு. காயத்தை ஆற்றும் மந்திரத்தை அவன் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, அவனுடைய தெய்வம் கொடுக்கிறது. நல்லவனாக இருக்கும்வரைதான் கொடுக்கும்.

ஒரு சனிக்கிழமை குகையில் குள்ளப் பூதங்களை வளைத்துப் பிடித்தோம். ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. பின்னால் குட்டிகள். விதிப்புத்தகத்தில் குள்ளப் பூதத்தின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'தீயவை' என்று போட்டிருக்கிறது. பெரியது, குட்டி என்று பிரித்துப் போடவில்லை. நான் கதாயுதத்தை எடுத்தேன். அதிக நேரம் ஆகவில்லை. "குட்டியுமா?" என்று தீப்பந்து கேட்டார். மூன்று ஊரைக் கொளுத்திய மனுஷன் என்னைக் கேட்கிறார்.

மாப்பிள்ளை பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

"மச்சான், உங்க சாமி உங்கள விட்டுப் போயிடுச்சு."

"எதுக்கு?"

"கையத் தூக்கிட்டு நின்னதுங்கள அடிச்சுக் கொன்னுட்டு எதுக்குன்னு கேக்குறீங்களே."

"புத்தகத்துல தீயவைன்னுதானே போட்டிருக்கு, மாப்ள?"

"அது அதுங்களப் பத்திப் போட்டிருக்கு. நான் உங்களப் பத்திச் சொல்றேன்."

என் பூசாரியின் குணத்தை ரப்பரால் அழித்துவிட்டு 'தீயவன்' என்று எழுதினார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். தீப்பந்து எனக்குக் கை கொடுத்து, "வாங்க, நம்ம கட்சிக்கு" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு முகம் எரிந்தது. கடையில் ஒரு நாள்கூடக் காலாவதியான மருந்தை விற்றதில்லை நான். சிவப்பு விளக்கில், தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்பேன். என்னைப் போய்த் தீயவன் என்றார்.

அதற்கப்புறம் என் மந்திரம் எதுவும் பலிக்கவில்லை. கேட்டால், "சாமி லைன்ல இல்ல மச்சான், கொஞ்சம் கழிச்சு ட்ரை பண்ணுங்க" என்பார். எல்லோருக்கும் ஒரே குஷி. ஒருநாள் தங்கையின் திருடி மேல் விஷ அம்பு பாய்ந்தது. ஓடிப்போய்க் கை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணமான புதிதில் புருஷன் அவளுக்காக உருவாக்கிய பாத்திரம் அது. "உன்னாலதான்ணா செத்தேன்" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாப்பிள்ளை நல்ல மனுஷன், இல்லையென்று சொல்ல மாட்டேன். எனக்கு வழி ஒன்று வைத்திருந்தார். "ஒரே ஒரு பூதக்குட்டி தப்பிச்சு ஓடியிருக்கு மச்சான். அதுகிட்டப் போய் மன்னிப்பு கேளுங்க. எல்லாம் திரும்பி வந்துடும்" என்றார். செய்யாத தப்புக்கு எப்படி மன்னிப்பு கேட்பது? அப்படிக் கேட்டால் அது பொய் ஆகாதா? என் பூசாரி பொய் சொல்ல மாட்டான்.

மாப்பிள்ளைக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை, சின்னக் குப்பியில் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதை நிரப்பிக் கொடுப்பது நான்தான். இந்தத் தடவை அதே அளவில், அதே நிறத்தில், வெறும் சர்க்கரை மாத்திரைகளை நிரப்பிக் கொடுத்தேன்.

விஷம் வைத்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். விஷம் தீயவர்களின் ஆயுதம், என் பூசாரி அதைக் கையால் தொட மாட்டான். நான் எதையும் சேர்க்கவில்லை. அவர் என்னிடமிருந்து எதை எடுத்தாரோ அதைத்தான் நானும் எடுத்தேன். நிஜ மாத்திரைகள் என் பையில் பத்திரமாக இருந்தன. கூப்பிட்ட நேரத்தில் வராமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் அவருக்கும் தெரியட்டும், உடனே கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

போன சனிக்கிழமை கதையில் அரசர் சாகிற கட்டம். மாப்பிள்ளை சாவுக் காட்சியென்றால் உயிரைக் கொடுத்து நடிப்பார். நாற்காலியிலிருந்து சரிவார், கண்ணைச் செருகுவார், கடைசி வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவார். அன்றும் நெஞ்சைப் பிடித்தார். தங்கை சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். தீப்பந்து கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, இன்னிக்கு உருக்குறாரே" என்று கை தட்டினார். மாப்பிள்ளை குப்பியைத் திறந்து ஒரு மாத்திரையை நாக்கடியில் வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான்... வேற இருக்கா?"

அது அரசரின் குரல் இல்லை. எனக்குத் தெரிந்தது.

நான் பதறவில்லை. எங்கள் மேசையில் உயிர் போகிற கட்டத்தில் யாரும் மனம்போன போக்கில் முடிவு செய்வதில்லை. பகடை உருட்டுவோம். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பு, குறைந்தால் அவ்வளவுதான். தங்கையின் திருடிக்கு அப்படித்தான் பார்த்தோம். அவருக்கு மட்டும் சலுகை காட்டினால் அது என்ன நியாயம்? உருட்டினேன். நான்கு விழுந்தது. மாத்திரை என் பையிலேயே இருந்துவிட்டது.

டீத்தட்டோடு வந்த தங்கைதான் முதலில் கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தபோது தூக்கிக்கொண்டு போக அவசரம் எதுவும் இருக்கவில்லை. எல்லாம் ஓய்ந்தபிறகு மேசையில் சிந்திக் கிடந்த மாத்திரைகளில் ஒன்றை எடுத்து, என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணா, இது இனிக்குது."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நெஜ மாத்திரை எங்கண்ணா?"

வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். நான் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். தோளைத் தொட்டுச் சமாதானம் சொல்லலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அவள் பின்வாங்கிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள், இரண்டு கையையும் முன்னால் தூக்கிக்கொண்டு. எதற்கு அப்படி நின்றாள் என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. உங்களுக்குப் போன் செய்தவர் தீப்பந்து. பாவம், ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேச வரவில்லை அவருக்கு.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். அதற்கு முன்னால் இன்னும் ஒரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு நல்லவன் எதையும் மறைக்கக் கூடாது. பகடையை நான் இரண்டு தடவை உருட்டினேன். முதல் தடவை அது மேசை விளிம்பைத் தாண்டி மாப்பிள்ளையின் காலடியில் போய் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். பதினேழு. எடுத்து, தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி உருட்டினேன்.

தரையில் விழுந்தது செல்லாது, சார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே மாப்பிள்ளைதான்.