ஏழாவது குழாய்

எந்தக் காது என்று கேட்டிருக்கிறீர்கள். இடதா வலதா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. ஆறு வருடம் ஆகிறது. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சட்டைப்பையில் இருக்கும் சாவியை வீடு முழுக்கத் தேடுகிறவன் இன்னொருவருடைய காதைப் பற்றி எப்படி அடித்துச் சொல்வது? தவறாகச் சொல்லி அது எழுத்தில் ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. அதனால் நினைவில் நிற்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். காது தானாக வரும்.

உங்கள் உரிம அலுவலகக் கடிதத்தோடு இரண்டு தாள்களின் நகல் இருந்தது. ஒன்று, என் தங்கையின் கணவர் வாணவேடிக்கைப் பயிற்சியில் சேர்ந்தபோது எடுத்த செவிப் பரிசோதனை. இரண்டு காதும் நன்று என்று இருக்கிறது. மற்றது போன மாதம் ஒரு மருத்துவர் எழுதியது. ஒரு காது சிறுவயதிலிருந்தே கேட்காது என்று இருக்கிறது. எது பொய் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முதல் தாள்தான் பொய். அதை உண்டாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வந்தேன்.

அவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவர் வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு எங்கள் வாணவேடிக்கைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். அங்கே நான் பதினோரு வருடமாக, வானில் வெடிக்கும் குண்டுகளை ஏவும் குழாய்களைச் சுமந்துகொண்டிருந்தேன். உரிமம் உள்ளவர்கள் மட்டுமே இனி வேடிக்கை நடத்தலாம் என்று விதி வந்தபோது, முதலாளி எங்கள் இருவரையும் பயிற்சிக்கு அனுப்பினார். ஐந்து நாள் வகுப்பு, எழுத்துத் தேர்வு, அதன் பிறகு உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் ஆறு நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் அவர் நம் பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை.

வகுப்பெடுத்த அம்மா குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் அவர் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது. "குண்டு போட்ட குழாய்க்கு மேல உங்க உடம்புல எதுவும் வரக் கூடாது. நிழல் விழுந்தாலே தப்பு." மாப்பிள்ளை அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டார். நான் எழுதவில்லை. பதினோரு வருடம் குழாய் சுமந்தவனுக்கு அது எதற்கு என்று இருந்தது.

மூன்றாம் நாள் செவிப் பரிசோதனை. அன்று காலை டீ குடிக்கும்போது மாப்பிள்ளை என்னைத் தனியே அழைத்துப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று சொன்னார்.

"மச்சான், எனக்கு ஒரு பக்கம் சுத்தமா கேக்காது. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்தப்போ போச்சு. உங்க தங்கச்சிக்கே தெரியாது."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகவா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"திட்டும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக்குவேன். பொறுமைசாலின்னு பேரே வாங்கிட்டேன்."

பரிசோதனை என்றால் இயந்திரம் எல்லாம் இல்லை. ஒரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். நர்ஸ் ஆறடி பின்னால் நின்று எண்களை முணுமுணுப்பார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து வருகிறவர்களுக்கு எதிரே பெஞ்சு. நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முழங்கால் மேல் வைத்திருந்த விரல்களை விரித்தேன். மூன்று, ஐந்து, இரண்டு. அவர் எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பது போலச் சொன்னார். ஒன்பது வந்தபோது இரண்டு கையும் வேண்டியிருந்தது. நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு என்ன, முழங்கால்ல சொறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கி ஒன்பது என்றார். இரண்டு காதும் நன்று.

நன்மைக்குத்தான் செய்தேன். தங்கை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

அன்று மாலை பேருந்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "வேலையில நீங்க எப்பவும் எனக்குக் கேக்கற பக்கமா நில்லுங்க மச்சான். கூப்பிட்டும் நான் நிக்கலேன்னா தோளைத் தொடுங்க." சரி என்றேன். வேறு யாருக்கும் அது தெரியாது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. பேச வேண்டியிருக்கவில்லை. அவர் பற்றவைக்கும் தீக்கோலைக் கையில் எடுத்தால் என் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போய் நிற்கும்.

தேர்வில் அவர் முதலாவதாக வந்தார். நான் இரண்டாம் முறை எழுதித் தேறினேன். அதற்குள் அவர் ஆறு நிகழ்ச்சிகளையும் முடித்து உரிமம் வாங்கிவிட்டார். என் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவரே ஆனார். இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஐந்து நிகழ்ச்சிகளுக்கு நன்றாகவே எழுதினார்.

ஆறாவதில் ஒரு குழாயின் திரி மடங்கிக் கிடந்தது. அதை நிமிர்த்தக் குனிந்தேன். குண்டு போட்ட குழாய். ஒரு நொடிதான் இருக்கும். அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. மறுநாள் புத்தகம் என் கைக்கு வந்தபோது, அச்சகத்துக்காரருக்கே உரிய அந்த மணியான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'குண்டு நிரப்பிய குழாயின் மேல் குனிந்தார். மேலும் ஓராண்டு உதவியாளராக இருப்பது நல்லது.'

இதை எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன்.

"பொய் எழுதச் சொல்றீங்களா மச்சான்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் அவருடைய காதைப் பார்த்தேன். பிறகு அவரே தணிந்து, "உங்களுக்கு ஒண்ணுன்னா உங்க தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். நான் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு விளையாட்டு அரங்கத்தின் திறப்பு விழா. அரங்கத்துக்குப் பின்னால் திடலில் இரண்டு குழு. ஒரு குழு மின்சாரத்தில் பற்றவைத்தது. எங்கள் வரிசை கையால் பற்றவைப்பது. மணலில் புதைத்த பத்துக் குழாய்கள். பற்றவைப்பவர் கண் நெருப்பிலேயே இருக்கும். குழாயிலிருந்து குண்டு கிளம்பியதா என்று பார்ப்பது கவனிப்பவர் வேலை. தலைக்கு மேலே அடுத்த குழுவின் குண்டுகள் வெடித்துக்கொண்டே இருக்கும்போது, தன்னுடையது கிளம்பியதா இல்லையா என்று பற்றவைப்பவருக்குச் சத்தத்தை வைத்துத் தெரியாது. கிளம்பவில்லை என்றால் கவனிப்பவர் 'நில்' என்று கத்த வேண்டும். எல்லாரும் விலகிவிட வேண்டும். அன்று கவனித்தவன் நான்.

முதல் ஆறு குழாய்கள் வரை வழக்கமான பக்கம் நின்றேன். ஆறாவது கிளம்பியதும் அவருக்குப் பின்னாலேயே சுற்றி மறுபக்கம் போனேன். புகை முகத்தில் அடித்ததால் இடம் மாறினேன் என்று விசாரணையில் சொன்னேன். நீங்கள் அந்த அறிக்கையைப் படித்திருப்பீர்கள். மூன்றாம் பக்கத்தில் வானிலை எழுதியிருக்கிறது. அன்று காற்றே இல்லை. புகை நேராக மேலேதான் போனது. இதுவரை யாரும் அந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

அவருக்கு ஏதும் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு குழாய் கிளம்பாது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தப் பக்கம் இல்லாமல் அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஏழாவதின் திரி எரிந்து உள்ளே போனது. குண்டு கிளம்பவில்லை. அதே நேரம் மேலே ஒரு பெரிய குண்டு வெடித்துத் திடல் முழுக்க வெளிச்சம். தன்னுடையதுதான் என்று அவர் நினைத்துவிட்டார். நான் 'நில்' என்று கத்தினேன். மூன்று முறை கத்தினேன். கேட்டது என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். இருபதடி தள்ளி நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்கிறது. விதியில் குரல் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. தோளைத் தொட வேண்டும் என்று இல்லை.

எட்டாவதின் மேல் ஒட்டியிருந்த, பற்றவைக்கும் முன் பிய்க்க வேண்டிய காகித மூடி எளிதில் கிழியவில்லை. ஏழாவது காலியாகிவிட்டது என்ற நம்பிக்கையில், அதன் மேலாகக் குனிந்து மூடியைப் பிய்த்தார்.

நான் எண்ணினேன். பழக்கம். ஆறு வரை எண்ணினேன். அவருக்கும் எனக்கும் நடுவே மூன்றடி. ஒரு எண்ணுக்குள் தாண்டிவிடலாம். உறைந்துபோய்விட்டேன், கை எழவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கை எழுந்தது. தோள் உயரம் வரை வந்தது. நான்தான் அதை இறக்கினேன். இறக்கிய கையின் விரல்கள், அன்று பெஞ்சில் இருந்தது போலவே, என் தொடையில் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. நான்கு. ஐந்து. இந்த முறை அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

ஏழாவது அவர் முகத்துக்கு நேராகக் கிளம்பியது. மருத்துவமனையில் முகம் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தவர், என் காலடி ஓசையைக் கேட்டு அருகே கூப்பிட்டார். மெதுவாகச் சொன்னார்.

"விரல் காட்டின கதையை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மச்சான். உங்க லைசென்சுக்கு இடைஞ்சல் வரும். எனக்குக் கேட்டுச்சு, நான்தான் மதிக்கலன்னு சொல்லிடறேன்."

சொன்னபடியே சொன்னார். அப்படித்தான் அது உங்கள் அறிக்கையில் ஏறியது. என் தங்கையும் அதையே நம்புகிறாள். "எங்கண்ணன் தொண்டை கிழியக் கத்தியும் அப்படி என்ன வீம்பு உங்களுக்கு?" என்று ஒரு நாள் என் எதிரிலேயே கேட்டாள். அவர் முகத்தை மெல்ல ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். எந்தப் பக்கம் என்று நான் பார்த்தேன்.

நீங்கள் கேட்டது காதைப் பற்றி மட்டும்தான். மற்றதையும் சொல்லிவிட்டேன்.

மற்றவர்களைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறேன். வகுப்பெடுத்த அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். நர்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறார். எதிரே இருந்த பெஞ்சை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னது நான். மாப்பிள்ளை எழுதிய சொல்லை நான் மீறவில்லை. ஓராண்டு முழுக்க உதவியாளனாகவே இருந்து அதன் பிறகுதான் உரிமம் வாங்கினேன். இப்போது அதே பயிற்சி மையத்தில், கவனிப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்ற பாடம் என்னுடையது. குரல் கேட்டும் நிற்காத ஒருவரின் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்வேன். தங்கை ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் இல்லை, வலது கையில் மூன்று விரல்கள்தான். வீட்டில் ரேடியோ கேட்டபடி இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவருக்குச் சவரம் செய்துவிடுவேன். ரேடியோவை அவருடைய வலது தோளுக்கு அருகில் வைத்துவிட்டு, இடது கன்னத்துக்கு வரும்போது, அவர் காதோரமாகக் குனிந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்வேன். பெஞ்சு, புகை, கை, ஆறு வரை எண்ணியது எல்லாமே. ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மன்னித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.