சட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுத்த நெவில் ஹாலோரன் அவர்களுக்கு

ஆற்றங்கரை அத்திமரங்களின் அயராத அன்பரே, புகார் சொல்ல வந்தவரையும் தேநீர் கொடுத்தே திருப்பி அனுப்பிய திறலாளரே, டன்பரா நகரமன்றப் பூங்காப் பிரிவின் தலைவரே, வணக்கம்.

பணியில் சேர்ந்ததும் தங்களுக்கு இடப்பட்ட கட்டளை, பழந்தின்னி வௌவால்களை ஊரைவிட்டு ஓட்டுவது. விடியுமுன் அலுமினியச் சட்டியும் கரண்டியுமாய்த் தாங்கள் எழுப்பிய முழக்கத்தில் வௌவால்கள் எழுந்தனவோ இல்லையோ, ஊர் எழுந்தது. ஆற்றங்கரையில் அடித்தீர்கள், கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. அங்கும் அடித்தீர்கள், அத்தனையும் தங்கள் வீட்டு மாமரத்தில் வந்து தொங்கின. காயப்போட்ட துணியிலிருந்த எச்சக் கறையைப் பார்த்துத் தங்கள் துணைவியார் பெரில் சொன்னது நாலு வீடு தள்ளியும் கேட்டது: "ஊரை விட்டுப் போகும்னு பாத்தேன் நெவ். உன் பின்னாடியே வீட்டுக்கு வந்துடுச்சு."

பிறகு வந்தது அந்தக் கொடுங்கோடை. குட்டிகளை மார்பில் அணைத்த தாய் வௌவால்கள் சிறகால் விசிறிக்கொண்டு கிளை கிளையாய்க் கீழிறங்கின. சட்டியோடு மாமரத்தடிக்குப் போன தாங்கள், அதைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுத்தீர்கள்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு டிரெவர் கேட்டார், "என்னப்பா, விரட்டுறவனே குளிப்பாட்டுறியா?"

"இன்னிக்கு அடிச்சா பறக்கும். இந்த வெயில்ல பறந்தா செத்துடும்."

மறுவாரம் மன்றத் தலைவர் சொன்னார், "அடிக்க முடியாதுன்னா வேலைய விட்டுடு, நெவ்."

"சட்டி இந்தா இருக்கு. அடிக்கிற ஆளைப் பாத்துக்கோங்க."

வேலை போய்விடும் என்று ஊரே பேசிற்று. நாங்களும் பேசினோம், சற்று அதிகமாகவே. ஆனால் மேசைமேல் கிடந்த சட்டியை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. வௌவால்கள் தாமாகவே ஆற்றங்கரைக்குத் திரும்பின. மரத்தை வெட்டுவதற்குப் பதில், மனிதர் நடக்கும் பாதையைத் தள்ளி அமைக்கச் செய்தீர்கள். நாற்றம் குறைந்துவிட்டதாகத் தாங்கள் சொல்லிவருவதை, மரியாதை கருதி மறுக்காமல் இருக்கிறோம்.

ஓய்வு நெருங்க நெருங்கத் தங்களை அரித்த கவலை ஒன்றே. விழுந்த குட்டியை வெறிநோய்த் தடுப்பூசி போட்ட கைதான் தொடலாம். இவ்வலுவலகத்தில் அத்தகைய கை தங்களுடையது மட்டுமே. "நான் போயிட்டா வர்ற கோடையில யாரு போவீங்க?" என்று தேநீர் வேளைதோறும் கேட்டீர்கள். நாங்கள் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெருந்தகையீர், பெரில் அம்மையாரோடும் கறைபடாத துணிகளோடும் நோயின்றி நெடுநாள் வாழ்க. கேட்ட கேள்விக்கு விடையும் இதோ: நாங்கள் அறுவரும் வெள்ளிக்கிழமையன்று முதலாவது ஊசியைப் போட்டுக்கொண்டோம். ரோண்டா ஊசியைப் பார்த்ததுமே மயங்கிவிட்டார். தெளிந்தபின் தோளைக் காட்டினார். மற்ற ஊசிகளும் கோடைக்குள் முடிந்துவிடும்.

வீங்கிய தோள்களோடு,
பூங்காப் பிரிவின் அறுவர்