பெட்டியில் பச்சை விளக்கு

வயதானவர்களிடம் தொலைபேசியில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், சார். உயர்த்தினால் சொற்கள் உடைந்துபோகும். கோட்டயம் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் நானாகவே இதைக் கண்டுகொண்டேன்.

நாங்கள் விற்றது கழுத்தில் மாட்டும் ஒரு பொத்தானும் சுவரில் ஒரு பெட்டியும். விழுந்துவிட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அலுவலகத்தில் மணி அடிக்கும், ஆளனுப்புவோம். பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் வாங்கித் தருவார்கள்.

ஓணம் கழிந்து வந்த அப்டேட் எல்லாப் பெட்டிகளையும் அணைத்துவிட்டது. மறுபடி ஆக்டிவேட் செய்ய ஒரு எண் வேண்டும். அது வாங்கியவரின் போனுக்குப் போகும், சில நிமிடங்களில் காலாவதியாகும். வாங்கியவர் அயர்லாந்தில் இருப்பார். பெட்டி கோழஞ்சேரியில் இருக்கும்.

சோசாம்மா தினமும் அழைத்தார். தனியாக இருந்தார். மகன் ரெஜி அயர்லாந்தில் நர்ஸ், இரவு வேலை.

"மோளே, பெட்டி திரும்பவும் நம்பர் கேக்குது. பைபிள்ல வசன நம்பர் கேட்டா சொல்லுவேன். இதுக்கு நான் எங்க போவேன்?"

"ரெஜியோட போனுக்கு வந்திருக்கும், அம்மச்சி."

"அவன் தூங்குறான். அவன் முழிக்கும்போது நீ வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிடுவ. உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சாத்தான் ஒரே நேரத்துல முழிப்பீங்க போல."

ஒரு விடுமுறை நாளில் ரெஜி எண்ணைச் சொல்லியும் விட்டான். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து அமுக்குவதற்குள் அது காலாவதியானது. எண் சோசாம்மாவின் போனுக்கே போகும்படி மாற்றக் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். வரிசையில் இருப்பதாகப் பதில் வந்தது.

பிறகு ஒருநாள் அவர் கேலி பேசவில்லை. "போன வருஷம் குளிமுறியிலதான் விழுந்தேன். பெட்டி சரியாகாம அங்க கால் வைக்க மாட்டேன். ஈரத்துணியால துடைச்சுக்கிறேன். எம்மேல எனக்கே நாத்தம் அடிக்குது, மோளே." அழுதார்.

தேவாலய மண்டபங்களில் விற்பனைக்குக் காட்ட, பெட்டியில் டெமோ என்று ஒன்று உண்டு. அதற்கு எண் தேவையில்லை. பச்சை விளக்கு எரியும். பொத்தானை அமுக்கினால், "பயப்படாதீங்க, கேட்டுட்டோம், ஆள் வந்துக்கிட்டிருக்காங்க" என்று பதிவு செய்த குரல் பேசும். அலுவலகத்தில் மணி அடிக்காது. என் இருக்கையிலிருந்தே அவருடைய பெட்டியை அதற்கு மாற்றினேன். அன்று மாலை வகுப்பில் எனக்குத் தேர்வு இருந்தது. சீக்கிரம் கிளம்புவதற்காகச் செய்ததாக வாக்குமூலத்தில் எழுத வேண்டாம். பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அது காரணமில்லை என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் அவரே அழைத்தார். "தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளிச்சேன். பொத்தானை அமுக்கியும் பாத்தேன். பேசுனது உன் குரல் மாதிரியே இருந்துச்சு."

"நான்தான் அம்மச்சி." டெமோவுக்குக் குரல் கொடுத்தது நான்தான்; அது பதிவு என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்போ பயமில்ல."

அந்த மகிழ்ச்சியைக் கேட்ட பிறகு மற்றவர்களைக் காக்கவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. புலம்பி அழைத்த ஒவ்வொருவருக்கும் அதையே செய்தேன். உண்மையான எண் வந்ததும் மாற்றிவிடலாம் என்றிருந்தேன். அவர்கள் அழைப்பதை நிறுத்தியதும் எண்ணைக் கேட்டு நச்சரிக்கவும் ஆளில்லை. புகார்கள் குறைந்ததற்காக மேலாளர் பினோய் சார் எங்கள் பிரிவுக்குப் பழம்பொரி வாங்கித் தந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. மற்ற வீடுகள் எவையென்று நேற்றே உங்களிடம் சொல்லிவிட்டேன்.

சோசாம்மா குளியலறையில் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வியாழன் காலையில்தான் பால்காரர் சந்தேகப்பட்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். இடுப்பெலும்பு மட்டும்தான் முறிந்திருந்தது, அன்றே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்றார் மருத்துவர்.

பொத்தானை அமுக்கியதெல்லாம் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. முதலில் ஒருமுறை அமுக்கிவிட்டு வெகுநேரம் காத்திருக்கிறார். நம்பியிருக்கிறார். பிறகு அடிக்கடி. புதன்கிழமை முழுவதும் விட்டுவிட்டு.

நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யாரும் பதில் சொல்லாமல் தனியாகக் கிடந்து இறந்தார் என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் திருத்திவிடுங்கள், சார். அவர் அமுக்கிய ஒவ்வொரு முறையும் நான் பதில் சொல்லியிருக்கிறேன்.