நுனிக் கொப்பு

— மெசினை ஸ்டார்ட் பண்ணு, அஸ்ஃபர். அடியோட வெட்டிரு.

— பொறு மச்சான் சஞ்சீவ். நான் கன்று விக்கிறவன். அலவத்துகொடையில இருந்து என்னய மரம் வெட்டவா கூப்பிட்ட?

— மெசின் ஒங்கிட்டதான் இருக்கு.

— இது என்ன குத்தம் செஞ்சிச்சு?

— நட்டு ஏழு வருஷம். ஒரு காய் இல்ல. கண்டியில ஆப்பிள் காய்க்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க.

— அவங்களுக்கு என்ன தெரியும்? இது கொஞ்சக் குளிர் போதுங்கிற ஜாதி. ஹந்தானை மலைப் பனியே அதுக்குத் தாராளம்.

— என் பொண்டாட்டி நிரஞ்சனி தினமும் தேத்தண்ணிக் கோப்பையோட வந்து அண்ணாந்து பார்ப்பா. போன கார்த்திகையில சாகிற வரைக்கும் பார்த்தா. அவள ஏமாத்தின மரம் எனக்கு வேணாம்.

— ம்... சரி. ஏணியப் புடி.

— எதுக்கு?

— புடிடா. யா அல்லாஹ்! இதுக்கு யாருடா முடி வெட்டின?

— நான்தான். வருஷா வருஷம், பொங்கலுக்கு முந்தின ஞாயிறு.

— குடை மாதிரி வட்டமா! நீ சலூன் தொறந்திருக்கலாம். யாருட்ட பழகின?

— அப்பா கொய்யாவ அப்படித்தான் வெட்டுவாரு. கொட்டோ கொட்டுன்னு காய்ச்சிச்சு.

— அங்கதான் பிழை விட்ட. கொய்யா புதுத் தளிர்ல காய்க்கும். வெட்ட வெட்டத் தளிர்க்கும். ஆப்பிள்ல ரெண்டு வகை இரிக்கி. ஒண்ணு பழைய கொப்புல குட்டிக் குட்டியா முளை விட்டு, அதுல காய்க்கும். நுனிய வெட்டினாலும் அதுக்குக் கவலை இல்ல. ஒன்ட மரம் மத்த வகை. போன வருஷம் வளந்த கொப்பு, அதுட நுனியிலதான் மொட்டு. நீ மொட்டையெல்லாம் வெட்டிக் குப்பையில போட்டுட்டு, காய் எங்கேன்னு கேக்குற.

— அப்ப நான்தானா?

— நீயேதான். சந்தேகமே வாணாம்.

— இந்தப் பொங்கலுக்குக் கத்திரியத் தொடல.

— அதான் தெரியுதே. கொப்ப வளைக்கிறன், நுனியத் தடவிப் பாரு.

— பஞ்சு மாதிரி இருக்கு. உருண்டையா.

— பூ மொட்டு! இலை மொட்டுன்னா ஒல்லியா ஒட்டிக்கிட்டு கெடக்கும். இந்தப் பக்கம் மட்டும் இருவது தேறும். ஆவணிக்குள்ள காய் தின்னுவ, எழுதி வச்சுக்க.

— ஒவ்வொரு வருஷமும் வெட்டி முடிச்சு, "இந்தத் தடவ கட்டாயம் காய்க்கும்"னு அவகிட்ட சொல்லுவேன்.

— அவங்க என்ன சொன்னாங்க?

— சிரிப்பா. கன்று குடுத்தவன் நீதானே. இத ஏன் முன்னாடியே சொல்லல?

— நான் சொன்னன்தான்.

— எங்கிட்ட சொல்லல.

— ஒங்கிட்ட இல்ல. மூணு வருஷத்துக்கு முந்தி, ஒன்ட பொஞ்சாதி என்ட கடைக்கு வந்து கேட்டாங்க. நான் வெவரமா சொன்னன். "அவர்கிட்ட சொல்லிறாதீங்க, அஸ்ஃபர் நானா. வருஷத்துல அந்த ஒரு ஞாயித்துக்கிழமதான் ஏணியில நின்னு பாட்டுப் பாடுறாரு. காய் கெடக்கட்டும்"னாங்க.